மறுமொழி பெறும் மழலை

கல்முனையிலிருந்து தெற்கே சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என்று தொடர்ந்து, தம்பிலுவிலையும் திருக்கோவிலையும் தொட்டுக்கொண்டு பொத்துவில் வரை நீளும் கரையோர நெடுஞ்சாலையின் இரு மருங்கிலும் வாழும் மக்கள், வணங்கும் தலத்தால் வேறுபட்டவர்களாயினும், குழந்தை யார் மடியில் வளரவேண்டும் என்னும் விஷயத்தில் ஒரே மரபைக் காத்து வருபவர்கள். மகளுக்கு வீடு கொடுத்து மணமகனை அவ்வீட்டுக்கு அழைத்துவரும் வழக்கமும், தாய்வழியே எண்ணப்படும் குடிமுறையும் இங்குள்ள இந்துக்களுக்கும் முஸ்லிம்களுக்கும் பொதுவானவை. ஆகையால் வினாயகபுரத்தில் பிறக்கும் குழந்தையும் கல்முனைக்குடியில் பிறக்கும் குழந்தையும் கண் விழித்துத் தம்மைச் சூழக் காண்பது பெரும்பாலும் தாயின் சுற்றத்தையே. ஓரிடத்தில் அம்மம்மாவும் சின்னம்மாவும். மற்றோரிடத்தில் உம்மம்மாவும் சாச்சியும். இந்த அத்தியாயம் தாயை மாத்திரம் நோக்கி எழுதப்படுவதன்று; அந்தச் சுற்றத்தார் அனைவரையும் நோக்கியே எழுதப்படுகிறது.

உடலைப் பேணும் காரியத்தில் நம் தாய்மார் எவருக்கும் பின்தங்கியவர் அல்லர். 1926இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கப்பட்டது முதல், மருத்துவ மாது வீட்டு வாசலுக்கே வந்து கர்ப்பிணியையும் சிசுவையும் பார்த்துச் செல்லும் முறை மெல்ல மெல்ல நாடெங்கும் பரவியது. இன்று தடுப்பூசி தவறினால் கேட்பதற்கு ஆள் உண்டு. நிறை குறைந்தால் திரிபோஷா கொடுப்பதற்கு நிலையம் உண்டு. ஆனால், இன்று இந்தக் குழந்தையுடன் யாரேனும் நின்று பேசினார்களா என்று கேட்பவர் அரிது. உலக சுகாதார நிறுவனமும் யுனிசெப்பும் உலக வங்கியும் சேர்ந்து 2018இல் வெளியிட்ட ஏற்பாடு ஒன்று, இளங் குழந்தையின் வளர்ச்சிக்கு இன்றியமையாதனவாக ஐந்தினை எடுத்துரைக்கிறது: நல்ல சுகம், போதிய போஷாக்கு, பாதுகாப்பு, கற்பதற்கான வாய்ப்பு, குழந்தையின் குறிப்பறிந்து மறுமொழி கொடுக்கும் பராமரிப்பு. இவற்றுள் கடைசியாகச் சொன்னதற்கு மருந்தும் வேண்டாம், பணமும் வேண்டாம். வேண்டாதிருப்பதனாலேயே அது கவனிப்பாரற்றுப் போய்விடுகிறது.

பிறக்கும்போது வளர்ந்த மனிதனுடைய மூளையில் ஏறக்குறையக் கால் பங்கே நிறையுள்ள சிசுவின் மூளை, மூன்று வயதுக்குள் ஐந்தில் நான்கு பங்கை எட்டிவிடுகிறது என்றால், அந்த மூன்று ஆண்டுகளில் வீட்டில் நடைபெறும் சின்னஞ்சிறு காரியங்கள் எவ்வளவு கனமானவை என்பதை நாம் ஊகித்துக்கொள்ளலாம். நரம்புகளுக்கிடையே தொடர்புகள் பெருகுவதும், பயன்படும் தொடர்புகள் உறுதிப்படுவதும், பயன்படாதவை தேய்ந்து மறைவதும் இக்காலத்திலேயே மிகுதியாக நிகழ்கின்றன. எவை உறுதிப்பட வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது அநுபவம். அந்த அநுபவத்தின் பெரும்பகுதி, குழந்தையைத் தூக்கி வைத்திருக்கும் மனிதரின் முகமும் குரலும் ஸ்பரிசமுமே.

மறுமொழி என்று நாம் கூறுவது யாது? குழந்தை முதலில் ஒரு குறிப்பைக் காட்டுகிறது: கண்ணைத் திருப்புகிறது, ஓசை எழுப்புகிறது, கையை நீட்டுகிறது, முகத்தைச் சுளிக்கிறது. பெரியவர் அதைக் காண்கிறார், கண்டதற்குப் பொருத்தமாக ஒன்றைச் செய்கிறார் அல்லது சொல்கிறார், சொல்லிவிட்டுப் பொறுத்திருக்கிறார், குழந்தை மறுபடியும் ஏதேனும் செய்கிறது. இவ்வளவுதான். இதில் கடினமானது பேச்சன்று, பொறுத்திருத்தலே. கைக்குழந்தைக்கு ஒரு சிறு ஓசையை எழுப்பவும் ஐந்து விநாடி, பத்து விநாடி வேண்டியிருக்கிறது. நாமோ ஒரே மூச்சில் பத்துக் கேள்வி கேட்டு, பதிலையும் நாமே சொல்லி முடித்து, அடுப்பைப் பார்க்கப் போய்விடுகிறோம். புதிதாகப் பிறந்த சிசு இருபது முதல் முப்பது சென்டிமீற்றர் தூரத்திலுள்ளதையே ஓரளவு தெளிவாகக் காணும். அது பால் அருந்தும்போது தாயின் முகம் இருக்கும் தூரமாகவே அமைந்திருப்பது இயற்கையின் பேரருள். அந்த வேளையில் குழந்தை தாயின் முகத்தை நோக்கும்போது தாயும் அதன் முகத்தை நோக்கினால், முதல் சம்பாஷணை ஆரம்பமாகிவிட்டது என்றே கொள்ளலாம்.

இச்சம்பாஷணை நின்றுபோனால் குழந்தைக்கு என்ன நேரும் என்பதை அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் ட்ரோனிக் 1970களில் ஒரு பரிசோதனையால் காட்டினார். தாய் குழந்தையுடன் வழக்கம்போல் சிரித்து விளையாடுகிறாள்; பின்னர், சொன்னபடியே, சிறிது நேரம் முகத்தில் எவ்வித உணர்ச்சியுமின்றி, அசையாமல், குழந்தையைப் பார்த்தபடி இருக்கிறாள். குழந்தை முதலில் சிரித்துப் பார்க்கிறது, கையை நீட்டுகிறது, ஓசை எழுப்பி அழைக்கிறது, ஒன்றும் பலியாதபோது முகத்தைத் திருப்பிக்கொண்டு சோர்ந்துவிடுகிறது. பசியுமில்லை, வலியுமில்லை, தாயும் எதிரிலேயே இருக்கிறாள். ஆயினும் குழந்தை கலங்குகிறது. தன் அழைப்புக்குப் பதில் வராததே அதன் துயரம். தாய் மீண்டும் சிரித்தவுடன் பெரும்பாலான குழந்தைகள் தேறிவிடுகின்றன என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். வேலையாயிருந்த ஒரு பொழுது பதில் சொல்லத் தவறியமையால் குழந்தை கெட்டுவிடாது; நாள் முழுவதும், மாதக்கணக்கில் பதிலே இல்லாதிருப்பதுதான் கேடு.

இவை யாவும் மேனாட்டார் சொல்லித்தான் நமக்குத் தெரியவேண்டும் என்பதில்லை. பிள்ளைத்தமிழ் என்னும் பிரபந்தத்தை வகுத்த நம் முன்னோர், குழந்தையின் வளர்ச்சியைப் பத்துப் பருவங்களாகப் பிரித்து, ஒவ்வொரு பருவத்திலும் பெரியவர் குழந்தையை என்ன செய்யும்படி அழைக்கவேண்டும் என்பதையும் உடன் வைத்தார்கள். ஐந்தாம் மாதமளவில் தலை நிமிர்ந்து அசைந்தாடும் செங்கீரை, நாவசைத்து ஒலியெழுப்பும் தால், ஒன்பதாம் மாதத்தில் கைகொட்டும் சப்பாணி, ஓராண்டு நிறைந்ததும் தளர்நடை நடந்துவரும் வருகை, நிலவை விளையாட அழைக்கும் அம்புலி என இப்பருவங்கள் செல்கின்றன. முஸ்லிம் புலவர்களும் நபிகள் நாயகத்தின்மீது பிள்ளைத்தமிழ் பாடியிருக்கிறார்கள். இவற்றைப் பக்தி இலக்கியமாக மாத்திரம் பார்ப்பவர் ஒரு முக்கியமான செய்தியைக் காணத் தவறுகிறார். எந்தப் பருவத்திலும் குழந்தை தனித்து வளர்வதாகப் புலவர் பாடவில்லை. ஒருவர் அழைக்கிறார், குழந்தை செய்கிறது. அம்புலிப் பருவத்தை விசேஷமாகக் கவனியுங்கள். தொலைவிலுள்ள ஒன்றைப் பெரியவர் விரல் நீட்டிக் காட்ட, குழந்தை அந்த விரலைப் பாராமல் விரல் காட்டும் திசையைப் பார்க்கக் கற்றுக்கொள்ளும் கட்டம் மொழி வளர்ச்சியின் வாசற்படி என்று இன்றைய ஆராய்ச்சியாளர் கூறுகின்றனர். அந்தி நேரத்தில் முற்றத்தில் நின்று நிலாவைக் காட்டிச் சோறு தீத்திய அம்மம்மா அந்த வாசற்படியில்தான் பிள்ளையை நிறுத்தியிருந்தாள்.

அன்றாடக் காரியங்களினூடே

குழந்தைக்கென்று தனியே ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள் என்று இந்நூல் கேட்கப்போவதில்லை. விடியுமுன் எழுந்து, சமைத்து, மூத்த பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்பி, வயலுக்கோ தறிக்கோ மீன் காயவைக்கும் வேலைக்கோ போகிற பெண்ணிடம் அவ்வாறு கேட்பது அநியாயம். எப்படியும் செய்தே ஆகவேண்டிய வேலைகளுக்குள் மறுமொழியை வைப்பதே நாம் கூறும் மார்க்கம்.

குளிப்பாட்டுதலை எடுத்துக்கொள்வோம். அம்மம்மா பலகையில் அமர்ந்து, காலை நீட்டி, குழந்தையைக் காலின்மேல் கிடத்தி, இளஞ்சூட்டு நீரை மெல்ல வார்க்கும் அந்தப் பதினைந்து நிமிடம், ஒரு நாளில் குழந்தை பெறக்கூடிய மிகச் சிறந்த பாடவேளைகளில் ஒன்று. 'இப்ப வலது கை, இனி மற்றக் கை, எங்க காலைக் காணோம்?' என்று செய்வதையெல்லாம் சொல்லிக்கொண்டே செய்தால், சொல்லும் ஸ்பரிசமும் ஒன்றோடொன்று பிணைந்து மனத்தில் பதியும். தினந்தோறும் ஒரே வரிசையில் செய்வதும் நன்று. அடுத்து என்ன வரும் என்பதைக் குழந்தை எதிர்பார்க்கத் தொடங்குவதே ஞாபகசக்தியின் முதற் பயிற்சி. சில நாள் கழித்து, 'இனி...' என்று சொல்லி நிறுத்திப் பாருங்கள். ஆறேழு மாதக் குழந்தை கையைத் தானே நீட்டுவதைக் காண்பீர்கள். மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடுவதையும், மூக்கை ஊதிச் சுத்தம் செய்வதையும், தலையை வடிவாக்குவதற்கென்று அழுத்துவதையும் அறவே நிறுத்திவிட வேண்டும்; அவற்றால் தீமையன்றி நன்மை இல்லை.

ஏணையில் குழந்தையைப் போட்டு ஆட்டுவது நம் பிரதேசத்தின் நல்ல வழக்கம். ஆனால் விழித்திருக்கும் குழந்தையை நாளெல்லாம் ஏணைக்குள்ளேயே வைத்திருத்தல் தகாது. ஏணைத் துணி நாற்புறமும் மறைப்பதால் அதற்குத் தெரிவது கூரை மாத்திரமே. விழித்திருக்கும் வேளையில் பாயை விரித்து, ஒருவர் பக்கத்தில் இருக்கும்போது குப்புறக் கிடத்துங்கள். கழுத்தும் தோளும் முதுகும் உரம்பெறுவது அவ்வாறுதான். உறங்கும்போதோ மல்லாக்கக் கிடத்துவதே பாதுகாப்பு. தாலாட்டைப் பொறுத்தவரை, குரல் இனிமையாயிருக்கவேண்டும் என்று எண்ணிக் கூசவேண்டியதில்லை. வயிற்றிலிருந்தபோதே கேட்டுப் பழகிய தாயின் குரலைச் சிசு பிறந்த சில நாட்களுக்குள்ளேயே மற்றக் குரல்களிலிருந்து பிரித்தறிகிறது; அக்குரல் எப்படியிருப்பினும் அதற்கு அதுவே இன்பம். நம் பாட்டிமார் பலருக்கு மனப்பாடமாயிருந்த தாலாட்டுகள் அவர்களோடு மறைந்துகொண்டிருக்கின்றன. அவர்கள் இருக்கும்போதே கேட்டுப் பழகிக்கொள்வது பேரப்பிள்ளைக்கும் நன்மை, தமிழுக்கும் நன்மை.

ஆறு மாதம் நிறையும்வரை தாய்ப்பால் மாத்திரம். அதன்பின் மற்ற உணவோடு இரண்டு வயது வரையிலும் அதற்கு மேலும் தாய்ப்பால் என்பது இன்றைய வைத்தியத்தின் முடிபு. பாலூட்டலை நிறைவு செய்ய விரும்புவோருக்குக் குர்ஆன் குறிப்பிடும் காலமும் முழுமையான இரண்டு ஆண்டுகளே. ஆனால் உணவு தீத்தும் முறை பற்றித்தான் இங்கே அதிகம் சொல்லவேண்டியிருக்கிறது. ஏனெனில் நம் வீடுகளில் அன்பும் பலாத்காரமும் ஒன்றாகக் கலந்துவிடும் இடம் அதுவே. வாயை மூடிக்கொண்ட குழந்தையின் மூக்கைப் பிடிப்பதும், கோழிக்குப் பின்னாலும் பூனைக்குப் பின்னாலும் கோப்பையுடன் ஓடுவதும், 'பொலிஸ் வருது, பேய் வருது' என்று மிரட்டுவதும், கைத்தொலைபேசியை முன்னே வைத்துவிட்டு அது வாய் பிளந்து பார்க்கும் நேரத்தில் அள்ளித் திணிப்பதும் சர்வ சாதாரணமாகிவிட்டன. குழந்தைக்குப் பசியும் தெரியும், நிறைவும் தெரியும். தலையைத் திருப்புவதும், வாயை இறுக மூடுவதும், கரண்டியைத் தள்ளுவதும் 'போதும்' என்று அது சொல்லும் வார்த்தைகள். அவ்வார்த்தைகளை மதிக்காத வீட்டில், சொல்லிப் பயனில்லை என்பதைத்தான் அது கற்கும். எதிரே அமருங்கள், முதலில் பிஸ்மி சொல்லும் வீடாயின், சொல்லிவிட்டு அதன் உதடு அசையும்வரை சற்றுப் பொறுங்கள், முள் நீக்கிய மீனையும் பருப்பையும் கீரையையும் சோற்றோடு மசித்து, அதன் கையிலும் சிறிது கொடுங்கள். மேலெல்லாம் பூசிக்கொள்ளும், தரையிலும் சிந்தும். ஓர் ஆண்டு நிறையுமுன் விரல் நுனியால் ஒரு பருக்கையை எடுத்து வாயில் வைக்கக் கற்றுக்கொள்வதற்குக் கொடுக்கும் விலை அது.

அடுப்படியும் கிணற்றடியும் ஆபத்தான இடங்கள் என்பதில் ஐயமில்லை. கிணற்றுக்குக் கட்டும் மூடியும் வேண்டும். மண்ணெண்ணெய்ப் போத்தல் உயரத்தில் இருக்கவேண்டும். கொதிக்கும் பானையின் கைப்பிடி வெளியே நீட்டியிருக்கலாகாது. இவற்றைச் செய்துகொண்டபின், சமைக்கிறவளின் கண்ணுக்கு எட்டும் தூரத்தில் பாயை விரித்து, கழுவிய சிரட்டை இரண்டு, ஓர் அகப்பை, சட்டி மூடி ஒன்று, உள்ளே சிறு கல்லிட்டு மூடியை இறுக அடைத்த பிளாத்திக்குப் போத்தல் ஒன்று ஆகியவற்றைக் கொடுத்துவிட்டால், கடையில் வாங்கும் எந்த விளையாட்டுச் சாமானும் இதற்கு ஈடாகாது. சிரட்டைக்குள் சிரட்டை அடங்கும் என்பதும், போட்ட பொருள் விழும் என்பதும், மூடியைத் தட்டினால் ஒலிக்கும் என்பதும் குழந்தை தானே கண்டுபிடிக்கும் சாஸ்திரம். குழந்தையின் வாய்க்குள் முழுமையாக அடங்கக்கூடிய எதையும் கொடுக்கலாகாது என்னும் ஒரு விதியை மாத்திரம் மறவாதீர்கள்.

பேச்சு முளைக்கும் காலத்தில், குழந்தை எதைப் பார்க்கிறதோ அதைப் பற்றிப் பேசுங்கள். நீங்கள் பார்க்க விரும்புவதைப் பற்றி அன்று. கரைவலை இழுத்து மீனைக் கொட்டும் இடத்தில், குழந்தை நண்டைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, 'அங்க பார், பெரிய படகு' என்று அதன் முகத்தைத் திருப்புவது வீண் பிரயத்தனம். நண்டைப் பற்றியே பேசவேண்டும். 'மீ' என்று அது சொன்னால், 'ஓம், மீன். பெரிய பாரை மீன்' என்று ஒன்றிரண்டு சொல் கூட்டித் திருப்பிக் கொடுங்கள். 'மீ இல்லை, மீன் என்று சொல்' என்று திருத்த வேண்டாம். மருதமுனையில் தறியடியில் இருக்கும் தாய் நூலின் நிறங்களைச் சொல்லலாம். பன்பாய் இழைப்பவள் பன்களை எண்ணலாம். வயற்கரையில் கொக்கும் எருமையும் இருக்கின்றன. இந்த ஊர்களில் ஒரு குழந்தை காணக் கிடைப்பவை ஏராளம். கூட நின்று பெயர் சொல்லுவோர்தான் குறைவு.

கண்ணூறு படும் என்று அஞ்சிக் குழந்தையைப் புகழாத வீடுகள் இரு சமூகத்திலும் உண்டு. அழகையும் கொழுமையையும் புகழவேண்டாம் என்றால் விட்டுவிடலாம். செய்த காரியத்தைச் சொல்லுவதில் யாருக்கும் தடையிராது. 'மூடிய நீயே திறந்திட்டாயே' என்று சொல்லுங்கள். கூடவே 'மாஷா அல்லாஹ்' என்று சேர்த்துக்கொள்ளும் உம்மம்மாவின் வழக்கம் மிகச் சிறந்தது: பயமும் தீர்ந்தது, பாராட்டும் நின்றது. அடித்தலைப் பற்றி அதிகம் விவாதிக்கவேண்டியதில்லை. மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தையை அடிப்பதால் அது எதையும் கற்பதில்லை. அடித்தவரைக் கண்டு ஒதுங்க மாத்திரம் கற்கிறது. ஆபத்தான பொருளை அகற்றி, கையில் வேறொன்றைக் கொடுத்தால் போதும்.

பாலும் விளையாட்டும்

இத்தனையும் வெறும் உபதேசமா, அல்லது பிரத்தியட்சமாகப் பலன் கண்ட இடம் உண்டா என்று கேட்கும் வாசகருக்கு, கரீபியன் கடலிலுள்ள ஜமேக்காத் தீவின் தலைநகரான கிங்ஸ்டனில் நிகழ்ந்ததைச் சொல்லுகிறோம். சாலி கிராந்தம்-மக்கிரெகர் என்னும் வைத்தியரும் அவருடன் பணியாற்றியவர்களும் 1986இல் அந்நகரத்தின் ஏழைக் குடியிருப்புகளில், வயதுக்கேற்ற உயரமின்றிக் குன்றியிருந்த, ஒன்பது முதல் இருபத்துநான்கு மாத வயதுள்ள 129 குழந்தைகளைத் தெரிந்தெடுத்தனர். சிலருக்கு வாரந்தோறும் பால்மா கொடுக்கப்பட்டது. சிலருடைய வீட்டுக்கு வாரத்துக்கு ஒருமுறை சுகாதாரப் பணியாளர் ஒருவர் சென்று, கழிவுப் பொருட்களால் வீட்டிலேயே செய்த விளையாட்டுச் சாமான்களைக் கொண்டு, தாய் குழந்தையோடு எவ்வாறு விளையாடலாம், பேசலாம் என்று ஒரு மணி நேரம் உடனிருந்து காட்டினார். சிலருக்கு இரண்டும் கிடைத்தன. சிலருக்கு வழக்கமான வைத்திய வசதி மாத்திரமே. இவ்வாறு இரண்டு ஆண்டுகள் நடைபெற்றது. பாலும் பயன் தந்தது, விளையாட்டும் பயன் தந்தது; ஆனால் பாலினால் அறிவு வளர்ச்சியில் கிடைத்த பயன் சில ஆண்டுகளில் மங்கிவிட, விளையாட்டினாலும் பேச்சினாலும் கிடைத்த பயன் நிலைத்துநின்றது. இருபது ஆண்டுகள் கழித்து அவர்களைத் தேடிக் கண்டு விசாரித்தபோது, விளையாட்டுப் பயிற்சி பெற்ற குழந்தைகள், பெறாதவர்களைக் காட்டிலும் 25 சதவீதம் அதிகமாகச் சம்பாதிப்போராக வளர்ந்திருந்தனர் என்பது 2014இல் வெளியான முடிபு.

கிங்ஸ்டனில் வீடு வீடாகச் சென்றவர்கள் பட்டதாரிகள் அல்லர். அவர்கள் செய்தவற்றுள் நம் அம்மம்மாவாலோ சாச்சியாலோ செய்ய இயலாதது ஒன்றுமில்லை. அங்கே சம்பளம் கொடுத்து அனுப்பவேண்டியிருந்த ஆளை, தாய்வழி வீடு என்னும் நம் மரபு ஏற்கெனவே குழந்தையின் பக்கத்தில் கொண்டுவந்து வைத்திருக்கிறது. ஆனால் வீட்டில் ஐந்து பெரியவர்கள் இருப்பதனாலேயே ஐந்து பேரும் பேசுவார்கள் என்பதில்லை. ஒருவரையொருவர் நம்பி ஐவரும் மௌனமாயிருப்பதும் உண்டு. ஆதலால் வீட்டார் கூடிப் பேசி, காலைக் குளிப்பு ஒருவருக்கு, மாலையில் முற்றத்து நடை மற்றொருவருக்கு, படுக்கைக் கதை வேறொருவருக்கு என்று வகுத்துக்கொள்வது உத்தமம். அவ்வகுப்பில் தகப்பனுக்கும் பங்கு வேண்டும். கடலுக்குப் போகிறவரும், போக காலத்தில் வாடியில் தங்குகிறவரும், வீட்டிலிருக்கும் நாட்களில் பத்து நிமிடமேனும் கைத்தொலைபேசியை அப்பால் வைத்துவிட்டுப் பிள்ளையோடு தரையில் அமரலாம். மாமியார் வீட்டில் வந்து வாழும் மருமகன் கூச்சத்தால் ஒதுங்கியிருப்பதும், குழந்தை பெண்களின் காரியம் என்று பெண்கள் அவரை ஒதுக்கிவைப்பதும் குழந்தைக்கு நஷ்டம்.

கைத்தொலைபேசியைப் பற்றி ஒரு வார்த்தை. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் பற்றீசியா கூல் என்பவர் நடத்தி 2003இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகளிடம் சீன மொழி பேசுவோர் பன்னிரண்டு முறை நேரில் அமர்ந்து பேசி விளையாடினார்கள். அக்குழந்தைகள் சீன ஒலிகளைப் பிரித்தறியக் கற்றன. அதே மொழியைத் தொலைக்காட்சியிலும் ஒலிநாடாவிலும் கேட்ட குழந்தைகள் ஒன்றையும் கற்கவில்லை. திரையில் வரும் பாட்டு எவ்வளவு இனிதாயினும் குழந்தையின் கண்ணைப் பார்த்துப் பதில் சொல்ல அதற்கு இயலாது. ஒரு வயதாகுமுன் திரை வேண்டவே வேண்டாம் என்றும், இரண்டு வயதில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகாது, குறைவாயிருப்பது நன்று என்றும் உலக சுகாதார நிறுவனம் 2019இல் கூறியுள்ளது. வெளிநாட்டிலிருக்கும் தாயோ தந்தையோ முகம் காட்டிப் பேசும் அழைப்பு வேறு. அங்கே பதில் சொல்ல ஒரு மனிதர் இருக்கிறார்.

தாயின் மனம் தளர்ந்திருக்கும்போது

2004 டிசம்பர் 26ஆம் திகதி இக்கரையோரத்தில் கடல் கொண்டுபோன உயிர்கள் பல்லாயிரம். இலங்கையின் மாவட்டங்களுள் மிக அதிகமான உயிரிழப்பு அம்பாறைக்கே நேர்ந்தது. அன்று குழந்தையாயிருந்த பெண்கள் இன்று தாய்மாராயிருக்கிறார்கள். யுத்தத்தில் உறவினரை இழந்தவர்களும் அவர்களுள் உண்டு. பிரசவத்துக்குப் பின்னர் காரணமின்றி அழுதல், உறக்கமின்மை, குழந்தையைத் தூக்க மனமின்மை, எதிலும் பற்றின்மை ஆகியவை இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்குமாயின் அது நோய், சோம்பலுமன்று, கல்நெஞ்சுமன்று. அத்தகைய தாயிடம் 'பிள்ளையைப் பார்த்துச் சிரி' என்று அதட்டுவது கொடுமை. அவளுக்கு உறக்கமும் உணவும் பேச்சுத் துணையும் வைத்திய உதவியும் கொடுத்து, அவள் தேறும்வரை குழந்தைக்கு மறுமொழி சொல்லும் பொறுப்பை அம்மம்மா ஏற்றுக்கொள்ள வேண்டும். தன்னையோ குழந்தையையோ மாய்த்துக்கொள்ளும் எண்ணத்தை அவள் ஒருமுறை வாய்விட்டுச் சொன்னாலும் அன்றே வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்லவேண்டும்.

மத்திய கிழக்கு நாடுகளுக்கு வீட்டுப் பணிக்குச் செல்லும் தாய்மாரின் பிள்ளைகள் நம்மிடையே பலர். ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளையை விட்டுச் செல்வதை 2013இல் அரசாங்கம் தடுத்தது. 2022இல் அவ்வெல்லை இரண்டு வயதாகக் குறைக்கப்பட்டது. வறுமையினால் போகிறவளைக் குறைகூற எவருக்கும் உரிமையில்லை. ஆனால் இரவோடிரவாக, பிள்ளை உறங்கும்போது சொல்லாமற் போவதை மாத்திரம் தவிர்க்குமாறு வேண்டுகிறோம். போகுமுன் சில வாரங்களேனும், பின்னர் பிள்ளையைப் பார்க்கப்போகிறவரே குளிப்பாட்டியும் தீத்தியும் உறங்கவைத்தும் பழகவேண்டும். போனபின்பு ஒருவரே நிலையாகப் பார்த்துக்கொள்ள வேண்டும். வாரத்துக்கொரு வீடு மாற்றுவது பிள்ளைக்கு மீண்டும் மீண்டும் தாயை இழப்பதற்குச் சமம். 'அம்மா எங்கே' என்று அது கேட்கும்போது பேச்சை மாற்றாமல், உண்மையைச் சிறு வார்த்தையில் சொல்லி, படத்தைக் காட்டி, அழுதால் அழவிட்டு அணைத்துக்கொள்ளுங்கள்.

எப்போது காட்டவேண்டும்

எல்லாக் குழந்தைகளும் ஒரே நாளில் ஒரே காரியத்தைச் செய்வதில்லை. இந்தியா, கானா, நோர்வே, ஓமான், அமெரிக்கா ஆகிய ஐந்து நாடுகளில் உலக சுகாதார நிறுவனம் நடத்தி 2006இல் வெளியிட்ட ஆய்வின்படி, சுகமாயுள்ள குழந்தைகள் துணையின்றி உட்காருவது ஏறக்குறைய நான்கு முதல் ஒன்பது மாதத்துக்குள்; தனியே நடப்பது எட்டு முதல் பதினேழரை மாதத்துக்குள். சில குழந்தைகள் தவழாமலே நடந்துவிடுகின்றன. பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட்டு மருமகளையும் மகளையும் மனம் நோகச் செய்யும் பேச்சுக்கு, ஆகவே, ஆதாரமில்லை.

எனினும் காத்திருக்கக் கூடாத அடையாளங்களும் உள்ளன. மூன்று மாதமாகியும் முகத்தைப் பார்த்துச் சிரிக்காமை, பெருஞ்சத்தத்துக்கும் திடுக்கிடாமை, ஒன்பது மாதம் கடந்தும் உட்காராமை, ஓராண்டாகியும் பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாமை, விரல் நீட்டி எதையும் காட்டாமை, ஒன்றரை வயதாகியும் நடவாமை அல்லது ஒரு சொல்லேனும் பேசாமை ஆகியவை அவை. எந்த வயதிலாயினும், பேசிக்கொண்டிருந்த பிள்ளை பேச்சை விட்டுவிடுவதும், செய்துகொண்டிருந்ததைச் செய்யாது விடுவதும் இவற்றிலும் கவனத்துக்குரியவை. 'தகப்பனும் பிந்தித்தான் பேசினார்' என்று சொல்லி இரண்டு ஆண்டு காத்திருந்து, செவிப்புலன் குறைந்த பிள்ளை என்பதை முன்பள்ளியில் சேர்க்கும்போது அறிகிற குடும்பங்கள் உண்டு. இழந்த அந்த இரண்டு ஆண்டுகளே பேச்சைக் கற்பதற்கு உகந்த ஆண்டுகள். நூல் கட்டுவதும் ஓதிப் பார்ப்பதும் உங்கள் நம்பிக்கையாயின் தடுப்பார் இல்லை. அதோடு நில்லாமல் வைத்தியரிடமும் காட்டுங்கள்.

குழந்தை பிறந்தவுடன் உங்களுக்குத் தரப்பட்ட சுகாதார அபிவிருத்திப் பதிவேட்டில், நிறைக் கோட்டுக்கு அப்பால், எந்த மாதத்தில் என்ன செய்யவேண்டும் என்று குறிக்கும் பக்கமும் இருக்கிறது. தடுப்பூசிக்குப் போகும் நாளில் அந்தப் பக்கத்தையும் திறந்து, வீட்டில் நீங்கள் கண்டதை உங்கள் பகுதி மருத்துவ மாதுவிடம் சொல்லுங்கள். ஐயமிருந்தால் அடுத்த கிளினிக் நாள்வரை காத்திருக்க வேண்டியதில்லை; சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கு நேரே செல்லலாம். அங்கே பார்ப்பதற்குக் கட்டணம் எதுவும் இல்லை.